பச்சிளம் வாழைக்குப் பந்தி வைக்காதீர்

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய மீனவர் ஊர் முகத்துவாரக்குப்பம். அவ்வூர்க்காரர் ஒருவர், மீன்பாடு குறைந்த பின் மீஞ்சூர்ப் பக்கம் முக்கால் ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். வீட்டு நகையை அடகு வைத்துத் திசு வளர்ப்பு வாழை நட்டார். நட்ட பதினைந்தாம் நாள் கன்றின் தூரிலேயே ஆளுக்கொரு கைப்பிடி யூரியா போட்டார். மறுவாரம் இலையோரம் கருகிக் குருத்து சுருண்டது.

"கன்று விற்றவர் ஏமாற்றிவிட்டார், ஐயா" என்றார். ஒரு கன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் நுனிகள் கறுத்திருந்தன. குறை கன்றில் இல்லை. கொடுத்த தீனியில் இருந்தது.

நாம் வழக்கமாக நடும் பக்கக் கன்றுக்குக் கிழங்கு உண்டு. அது வழிக்குக் கட்டிக் கொடுத்த சோறு போன்றது. திசு வளர்ப்புக் கன்றுக்கு அந்தச் சேமிப்பு இல்லை. ஓர் அடி உயரம், ஐந்தாறு இலைகள், நூல் போன்ற வேர்கள், இவைதான் அதன் சொத்து. ஆகவே அதற்குச் சத்து அதிகம் தேவை. ஆனால் ஒரே வேளையில் தாங்காது.

யூரியா ஈர மண்ணில் அம்மோனியாவாக மாறுகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடியதை அவர் அறிவார். "அதே சரக்குதான் இங்கே வேரைச் சுட்டது" என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது.

நடும்போது குழிக்கு 10 கிலோ தொழு உரமும் 250 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் போதும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா சேர்ப்பது நல்லது. தோட்டக்கால் வாழைக்கு, நேந்திரன் நீங்கலாக, மரத்துக்குத் தழைச்சத்து 110, மணிச்சத்து 35, சாம்பல் சத்து 330 கிராம் என்பது பரிந்துரை. திசு வளர்ப்பு வாழைக்கு இதில் 50 சதம் கூட்டி, 2, 4, 6, 8-ஆம் மாதங்களில் பிரித்து இடவேண்டும். அதாவது தவணைக்குச் சுமார் 90 கிராம் யூரியா, 205 கிராம் பொட்டாஷ். சூப்பர் பாஸ்பேட் 330 கிராமை முதல் தவணையோடு முடித்துவிடலாம்.

முதல் தவணை யூரியாவையும் பொட்டாஷையும் இருவார இடைவெளியில் இரு பாதியாக இடுவதே என் யோசனை. தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தூவி, மண் மூடி, உடனே நீர் பாய்ச்சுங்கள். மீஞ்சூர் போல் கடல்நீர் நிலத்தடியில் புகுந்த பகுதிகளில் சாதாரணப் பொட்டாஷில் உள்ள குளோரைடு உப்பை மேலும் கூட்டும். அங்கே சல்பேட் ஆப் பொட்டாஷ் 250 கிராம் இடுவது மேல்.

வாழை அதிகம் கேட்பது சாம்பல் சத்து. நாம் அதிகம் போடுவதோ யூரியா. காரணம் விலைதான். 2010-ல் வந்த சத்து அடிப்படையிலான மானியத் திட்டத்தில் யூரியா சேர்க்கப்படவில்லை. அதன் விலை மட்டும் தாழ்ந்தே நிற்கிறது. இந்த ஏற்றத்தாழ்வை அரசு சீர்செய்ய வேண்டும். கன்று விற்போரும் உர அட்டவணை ஒன்றைத் தமிழில் அச்சிட்டுக் கன்றோடு கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

அதுவரை, சிறு விவசாயிகளே, கன்று வாங்கும்போதே அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். யூரியா மூட்டையைப் பிரிக்க இரண்டு மாதம் பொறுங்கள்.