கப்பலேறும் தண்ணீர் யாருடையது?

தண்ணீர்ப் பஞ்சத்துக்குச் சுலபமான மருந்து ஒன்றைச் சில நிபுணர்கள் சொல்லி வருகிறார்கள். ஒரு கிலோ அரிசி விளைய, உலகச் சராசரியில், சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அப்படியிருக்க, வறண்ட சீமையில் நெல் எதற்கு? தண்ணீர் மிகுந்த இடத்திலிருந்து தானியத்தை வாங்கிக் கொண்டால் போயிற்று! இதுதான் அந்த மருந்து.

இந்தக் கணக்குக்கு மறைநீர் என்று பெயர். லண்டன் பேராசிரியர் டோனி ஆலன் 1990-களில் சொன்ன கருத்து இது. ஒரு மூட்டை அரிசி ஊரை விட்டுப் போனால், அதை விளைவித்த தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே போகிறது. ஆலையில் நூலாகும் பஞ்சுக்கும் இதே கணக்குத்தான். ஆலனுக்கு 2008-ல் ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசு கிடைத்தது.

கணக்கு பொய்யல்ல. மேற்கு ஆசியாவின் வறண்ட தேசங்கள் பல, வெளியிலிருந்து வரும் கோதுமையைத் தின்றுதான் உயிர் வாழ்கின்றன. நம்முடைய சண்டை கணக்கோடு அல்ல. தானியத்தை விற்பவன் யார்? விலை சொல்பவன் யார்? பஞ்ச காலத்தில் கதவைச் சாத்துபவன் யார்? இந்தக் கேள்விகளை விழுங்கிவிட்டு, "சந்தையிடம் விடு, தண்ணீர் மிச்சமாகும்" என்கிறார்களே, அதோடுதான் நம் சண்டை.

லாபம் தண்ணீரைப் பார்ப்பதில்லை

வியாபாரம் நடந்தால், தண்ணீர் நிறைந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானியம் போகும் என்கிறார்கள். நடந்தது என்ன?

சவூதி அரேபியா பாலைவனம். அங்கே சர்க்கார் மானியத்தைக் கொட்டி, பூமிக்கடியில் இருந்த பழைய நீரை இறைத்துக் கோதுமை விளைவித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன்! ஏற்றுமதியும் செய்தார்கள். நீர் வற்றியது. படிப்படியாகக் கோதுமையைக் கைவிட 2008-ல் முடிவாயிற்று. பிறகு அந்நாட்டுப் பால் கம்பெனி ஒன்று 2014-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் வாங்கிற்று. அங்கே குதிரைமசால் பயிரிட்டு, மாட்டுத் தீவனமாக சவூதிக்குக் கப்பலேற்றினார்கள். அரிசோனா தண்ணீர் மிகுந்த இடமா? அதுவும் பாலைவனம்! அங்கே கிராமப்புறத்தின் பெரும்பகுதியில் நிலத்தடி நீரை இறைக்க வரம்பு கிடையாது, அதுதான் ரகசியம்.

நம் தேசத்தைப் பாருங்கள். பஞ்சாப் ஜனங்கள் உண்பது ரொட்டி. வயலில் நிற்பதோ நெல். கொள்முதல் விலை நிச்சயம், மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். நிலத்தடி நீர் கிடுகிடுவென்று இறங்கியது. குறித்த தேதிக்கு முன் நாற்று நடக் கூடாது என்று 2009-ல் சட்டமே வந்தது. பாசுமதி மூட்டை கப்பலேறும் போது பஞ்சாப், ஹரியானா நிலத்தடி நீரும் சேர்ந்தே போகிறது.

கதவு அடைபட்டால்?

வெளியாரை நம்பி வயிற்றைக் கட்டி வைத்தால் என்னவாகும்? 1965-66 வறட்சியில் நாம் அனுபவித்தோம். 1966-ல் சுமார் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதியாயிற்று. பெரும்பகுதி அமெரிக்காவின் பி.எல்.480 கோதுமை. ஜனாதிபதி ஜான்சன் அதை மொத்தமாக அனுப்பவில்லை. வியட்நாம் யுத்தத்தைப் பற்றி இந்தியா பேசிய பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. கயிற்றை இழுத்துப் பிடித்து, மாதக் கணக்குப் பார்த்துக் கப்பலை விட்டார். கோதுமையோடு கட்டளையும் வந்தது.

2007-08-ல் இந்தியாவும் வியட்நாமும் அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. சில மாதங்களில் உலகச் சந்தையில் அரிசி விலை சுமார் மூன்று மடங்காயிற்று. 2023 ஜூலையில் இந்தியா மீண்டும் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உலக அரிசி வியாபாரத்தில் சுமார் 40 சதவிகிதம் நம்முடையது. நம்மிடம் வாங்கித் தின்ற ஏழை நாடுகள் திகைத்து நின்றன. தன் ஜனங்களுக்குச் சோறு வேண்டுமென்று ஒரு தேசம் கதவைச் சாத்துவதைக் குற்றம் என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் அந்தக் கதவை நம்பி வயலைத் தரிசாகப் போடு என்று ஒருவர் உபதேசம் செய்தால், அது உபதேசமல்ல, மோசடி!

அரிசி வரும், கூலி வருமா?

காவிரிப் படுகையில் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கப்படவில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழையும் 62 சதவிகிதம் பொய்த்தது. ஆனாலும் ரேஷன் கடையில் அரிசி இருந்தது. ஏன்? பொதுக் கொள்முதலும் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளும் இருந்ததால். 1965-ல் அந்தக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் திறந்தது. தானியம் ஊர் விட்டு ஊர் போவது தவறல்ல; பொதுக் கையில் போனால் அது சோறு, பதுக்கல்காரன் கையில் போனால் அது கொள்ளை.

ஆனால் ரேஷன் அரிசியோடு கதை முடிந்ததா? மூட்டைக்குள் தண்ணீர் வரும். நடவுக் கூலி வருமா? குறுவை போனால் நாற்றுப் பறிப்பு போயிற்று, நடவு போயிற்று, களை போயிற்று, அறுப்பு போயிற்று. அரிசியை இறக்குமதி செய்யலாம், வேலை நாளை இறக்குமதி செய்ய முடியுமா? பயிர் நிவாரணமோ ஏக்கர் கணக்கில் எழுதப்படுகிறது. ஏக்கர் இல்லாதவன் கணக்கிலேயே இல்லை! கூலி இல்லாத வீட்டில் வேட்டி சேலை வாங்குவார் யார்? அந்த அடி ஆலை வாசலிலும் விழும்.

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டியதுதான். காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டினால் நெல்லுக்குத் தண்ணீர் குறையும், விளைச்சல் குறையாது. நேரடி விதைப்பும் தண்ணீரை மிச்சப்படுத்தும். ஆனால் அது நாற்றங்காலையும் நடவையும் ஒழிக்கிறது. மிச்சமாகும் தண்ணீருக்குப் பெண்களின் கூலி விலையா? அந்த நாட்களுக்கு ஈடு கொடுக்காத சிக்கனம் யாருடைய சிக்கனம்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். முறை வைத்துத் தண்ணீர் விடும் போது தலைமடைக்காரன் விருப்பம் பார்க்காதே, கடைமடை வரை எட்டச் செய். வாய்க்கால் தூர்வாரும் வேலையை விவசாயத் தொழிலாளிக்குக் கொடு, கூலியை உடனே கொடு. நிவாரணக் கணக்கில் நிலமில்லாதவனின் இழந்த வேலை நாட்களையும் எழுது. கொள்முதல் நிலையத்தையும் ரேஷன் கடையையும் சுருக்காதே. நிலத்தடி நீர் வற்றும் இடத்தில் சிறுதானியத்துக்கும் பருப்புக்கும் நிச்சயமான கொள்முதல் கொடு. உழவன் தானே நெல்லை விடுவான்.

எந்தப் பயிருக்கு எவ்வளவு தண்ணீர், எந்தத் தானியம் எந்த ஊருக்கு என்பதை யார் தீர்மானிப்பது? கப்பல் முதலாளியா, களத்து மேட்டில் நிற்பவனா? கேள்வி இதுதான். மதகடியில் நின்று இதை உரக்கக் கேளுங்கள்!