கரை போனால் வேலை எங்கே?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த வேலையிழப்புக்கு முடிவுத் தேதி உண்டு. 8,000 ரூபாய் நிவாரணத்தில் குடும்பங்கள் எப்படியோ ஓட்டிவிடுகின்றன. புதுச்சேரிக்கு வடக்கே, தமிழ்நாட்டுக் கரையிலுள்ள பொம்மையார்பாளையத்தில் பறிபோகும் வேலைக்கு அப்படித் தேதி கிடையாது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக எழுப்பிய அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. வடக்கேயுள்ள குப்பங்களின் கரையைக் கடல் தின்றது. மீனவருக்குக் கரைதான் பட்டறை. படகேற்றவும், கரைவலை இழுக்கவும், கருவாடு காயப்போடவும் வேறு இடம் ஏது? பக்கத்திலேயே ஆரோவில்லும் கடற்கரைச் சாலை விடுதிகளும் இருக்க வேலைக்கா பஞ்சம் என்பார்கள். இளைஞர்களுக்கு அது ஓரளவு சரி. ஐம்பது வயது வரை நீரோட்டம் மட்டுமே படித்தவரை எந்த விடுதி எடுக்கும்? எடுத்தாலும், 2020 ஊரடங்கில் முதலில் படுத்தது சுற்றுலாதானே! மந்தத்தில் போன அந்த வேலை சந்தை நிமிர்ந்ததும் திரும்பியது. மணலோடு போன வேலை திரும்பவில்லை. கரையைக் காக்கக் கடலுக்குள் கல்லால் தூண்டில் வளைவு போட்டால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும் (அடுத்த ஊரின் மனு அடுத்த ஆட்சிக்கு). துறைமுக வாயிலில் தூர்வாரும் மணலை வடகரையில் தொடர்ந்து கொட்டுவதே இங்கே தேவையான வேலைவாய்ப்புத் திட்டம். புதுச்சேரியும் தமிழ்நாடும் சேர்ந்து அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.