வருகின்ற பணம் எங்கிருந்து வருகின்றது?

அமெரிக்காவின் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு 2024 டிசெம்பரில் வெளியிட்ட தரவுகள் புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் அனைவரும் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை. இணையத்தில் சிறுசிறு பணிகளை முடித்தால் பணம் தருவதாகக் கூறி நடத்தப்படும் மோசடி பற்றி 2020இல் அவ்வாணைக்குழுவுக்கு ஒரு முறைப்பாடேனும் கிடைக்கவில்லை. 2023இல் ஏறத்தாழ 5,000 முறைப்பாடுகள் கிடைத்தன. 2024இன் முதல் ஆறு மாதங்களில் மட்டும் அவை ஏறத்தாழ 20,000 ஆகப் பெருகின. எல்லா வகை வேலைவாய்ப்பு மோசடிகளாலும் அந்த ஆறு மாதங்களில் மக்கள் இழந்ததாக முறையிட்ட தொகை 22 கோடி டொலரைத் தாண்டியது.

மோசடி நடைபெறும் முறை சிக்கலானதன்று. முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து வட்ஸ்அப்பில் செய்தி வருகின்றது. காணொளி ஒன்றுக்கு விருப்பம் தெரிவிப்பது, விற்பனைப் பொருள் ஒன்றுக்கு மதிப்பெண் இடுவது போன்றவையே பணிகள். நாற்பது பணிகளை முடித்தால் இவ்வளவு என்று திரையில் கணக்கு ஏறிக்கொண்டே போகும். முதலில் ஒரு சிறு தொகை உண்மையிலேயே கைக்கு வரும். அடுத்த தொகுதிப் பணிகளைத் தொடங்குவதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்பார்கள். அது பெரும்பாலும் மெய்நிகர் நாணயமாகக் கேட்கப்படும். அவ்வாறு கட்டிய பணம் திரும்புவதில்லை.

இதில் சிக்குவோரைப் பேராசைக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது; ஆனால் அது உண்மையுமன்று, அதனால் பயனுமில்லை. ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர்கள் இங்கே உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இரவு வேலை செய்கின்றார்கள். அங்கு பெற்ற சான்றிதழுக்கு இங்கு மதிப்பில்லை. பயண முகவருக்குக் கட்டுவதற்காக வாங்கிய கடன், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், பிள்ளைகளின் படிப்பு ஆகிய அனைத்தும் ஒரே சம்பளத்தை நம்பியிருக்கின்றன. இந்நிலையில் வீட்டிலிருந்தே ஓர் இரண்டாவது வருவாயைத் தேடுவது இயல்பான செயல். இணையத்தில் நேர்மையான தொழில்களும் உண்டு. ஆகவே, 'இணையத்தை நம்பாதீர்' என்று பொதுப்படையாக உபதேசிப்பதால் எவருக்கும் பயன் விளையாது. நேர்மையானதையும் போலியானதையும் எதைக்கொண்டு பிரித்தறிவது என்பதே எம்முன் உள்ள வினா.

ரெலெக்ஸ்பிறீ: ஒரு குடியேறியோர் சமூகத்தின் அனுபவம்

இவ்வினாவுக்கு விடை தேட, எம்மைப் போலவே வேறொரு மண்ணில் குடியேறி வாழும் மக்கள் பட்ட அனுபவத்தை நோக்குவோம். அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் மார்ல்பரோ என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு 'ரெலெக்ஸ்பிறீ' என்ற நிறுவனம் இயங்கிவந்தது. இணையவழித் தொலைபேசிச் சேவையை மாதம் 49.90 டொலருக்கு விற்பதே தனது தொழில் என்று அது கூறிக்கொண்டது. ஆனால் மக்களை ஈர்த்தது அச்சேவையன்று. 1,375 டொலர் கட்டி, நிறுவனத்தின் விளம்பரங்களை ஒவ்வொரு நாளும் இணையத்தில் பதிவிட்டு வந்தால் வாரந்தோறும் 100 டொலர் கிடைக்கும் என்பதே அதன் வாக்குறுதி. அதாவது, ஓராண்டில் 5,200 டொலர். செய்ய வேண்டிய வேலையோ, நிறுவனம் தரும் விளம்பரத்தைப் பிரதிசெய்து, எவரும் பார்க்காத தளங்களில் ஒட்டுவதுதான்.

இதில் பெருந்தொகையாகச் சேர்ந்தவர்களுள் பிரேசிலிலிருந்தும் டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வந்து குடியேறியோர் அடங்குவர். அவர்கள் விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்களல்லர். தம் மொழி பேசும் அயலவர், உறவினர், வழிபாட்டிடத்தில் சந்தித்தவர் சொல்லிச் சேர்ந்தார்கள். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒவ்வொரு வாரமும் பணம் வந்துகொண்டுதான் இருந்தது.

2014 ஏப்பிரலில் நிறுவனம் முறிவுப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. ஒருசில நாட்களுள் அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கில் வெளிவந்த இரண்டு எண்களை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 2012 ஓகஸ்ட் தொடக்கம் 2014 மார்ச் வரை தொலைபேசிச் சேவையை விற்றதால் நிறுவனம் ஈட்டியது ஏறத்தாழ 13 இலட்சம் டொலர். உறுப்பினர்களுக்குக் கொடுப்பதாக அது வாக்களித்திருந்த தொகையோ 110 கோடி டொலருக்கும் மேல். கொடுக்க வேண்டியதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே வியாபாரத்தால் வந்தது. ஏனையது, புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணம். பழையவருக்கு வாரந்தோறும் கிடைத்த 100 டொலர், அவர் தாமே அழைத்துவந்த மைத்துனரின் சேமிப்பு.

நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2017இல் ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மற்றவர் பிரேசிலுக்குத் தப்பிச் சென்றார். 2017 ஜனவரியில் மசாசுசெற்ஸில் ஒரு குடியிருப்பில் கட்டில் மெத்தைக்கு அடியில் ஏறத்தாழ 2 கோடி டொலர் ரொக்கப் பணத்தை அதிகாரிகள் கண்டெடுத்தனர்.

இக்கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. பிரேசிலின் ஆக்ரே மாநில நீதிமன்றம் 2013 ஜூனிலேயே அங்கு இந்நிறுவனத்தின் செயற்பாட்டை இடைநிறுத்திவிட்டது. அப்போது தெருவில் இறங்கிய உறுப்பினர்கள் குரல் எழுப்பியது நிறுவனத்துக்கு எதிராகவன்று, நீதிமன்றத்துக்கு எதிராக. தமக்கு வந்துகொண்டிருந்த பணத்தை அரசு மறிப்பதாகவே அவர்கள் கண்டனர். அதன் பின்னும் ஏறத்தாழ பத்து மாதங்கள் அமெரிக்காவில் மக்கள் புதிதாகச் சேர்ந்துகொண்டேயிருந்தனர்.

பணம் கிடைத்தது என்பது சான்றாகுமா?

'எனக்குப் பணம் கிடைத்ததே' என்ற கூற்றைவிட வலுவான சான்று வேறில்லை என்றே எம்மில் பலர் கருதுகின்றோம். உண்மையில் இதைவிட வலுவற்ற சான்றும் வேறில்லை. இவ்வகை மோசடி தொடங்குவதே பணம் கொடுத்துத்தான். தொடக்கத்தில் கொடுக்காவிட்டால் அது பரவாது. பணி மோசடியில் முதலில் கைக்கு வரும் சிறு தொகையும் ரெலெக்ஸ்பிறீயின் வாராந்த 100 டொலரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 1,375 டொலர் கட்டியவருக்கு 5,200 டொலர் கொடுக்க, புதியவர் ஏறத்தாழ நால்வர் கட்டும் பணம் வேண்டும். அந்நால்வருக்கும் கொடுக்கப் பதினாறு பேர் வேண்டும். இவ்வாறு பெருக்கிச் சென்றால் பத்தாம் படியில் 10,48,576 பேர் வேண்டும். பதின்மூன்றாம் படியில் 6 கோடி 71 இலட்சம் பேர் வேண்டும். கனடாவின் மொத்த மக்கள்தொகையும் அதற்குப் போதாது. எனவே, நடத்துபவர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லை. நல்லவர் நடத்தினாலும் அது முறிந்தே தீரும். முறியும்போது கடைசிப் படியில் நிற்பவர்களே தொகையில் மிகுந்தவர்கள்.

எமது சமூகத்தில் வழக்கிலுள்ள சீட்டோடு இதை ஒப்பிடுவோர் உளர். அவ்வொப்பீடு பிழையானது. இருபது பேர் மாதம் 500 வீதம் கட்டும் சீட்டில் மொத்தம் 10,000. அதை எடுப்பவர் கைக்கு வருவது மற்றவர்கள் கட்டிய பணமே என்பதை இருபது பேரும் அறிவர். முன்னே எடுப்பவர் கழிவு கொடுக்கின்றார். பின்னே எடுப்பவர் அதன் பயனைப் பெறுகின்றார். ஆட்களின் தொகை வரையறுக்கப்பட்டது. முடிவுத் திகதியும் தெரிந்தது. சீட்டுப் பிடிப்பவர் ஓடிவிடும் ஆபத்து அதிலும் உண்டு. எம்மவர் அதையும் கண்டிருக்கின்றோம். ஆயினும் பணத்தின் ஊற்று அங்கே மறைக்கப்படுவதில்லை. ரெலெக்ஸ்பிறீ போன்ற திட்டங்களில் மறைக்கப்படுவது அது ஒன்றுதான்.

பதிவுப் பத்திரமும் பெருமேடையும்

'நிறுவனம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டுள்ளது' என்பது அடுத்து முன்வைக்கப்படும் வாதம். ஒரு பெயரில் ஒரு நிறுவனம் உள்ளது என்பதற்கு மேல் பதிவுப் பத்திரம் எதையும் கூறுவதில்லை. மக்களிடம் முதலீடு திரட்டுவதற்கான அனுமதி வேறு. அதை வழங்கும் அதிகாரசபையும் வேறு.

2014இல் பல்கேரியாவிலிருந்து தொடங்கப்பட்ட 'வன்கொயின்' என்னும் போலி மெய்நிகர் நாணயத்தின் வரலாறு இதற்குச் சான்று. அதன் நிறுவனர் ருஜா இக்னாற்றோவா 2016 ஜூனில் இலண்டன் வெம்பிளி அரங்கில் பல்லாயிரவர் முன் தோன்றிப் பேசினார். அதே ஆண்டு செப்ரெம்பரில் பிரித்தானிய நிதி நடத்தை அதிகாரசபை அதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2017இல் அவ்வெச்சரிக்கை இணையத்தளத்திலிருந்து நீக்கப்பட்டது. நீக்கப்பட்டதையே நற்சான்றாகக் காட்டி முகவர்கள் மேலும் ஆள் சேர்த்தனர். 2017 ஒக்ரோபரில் இக்னாற்றோவா தலைமறைவானார். இணை நிறுவனர் 2023இல் அமெரிக்க நீதிமன்றத்தில் இருபதாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். உலகெங்கும் மக்கள் கட்டிய தொகை 400 கோடி டொலருக்கும் மேல் என்பது அமெரிக்க வழக்குத்தொடுநரின் கணக்கு. அரசின் எச்சரிக்கை இல்லை என்பதை அரசின் அங்கீகாரமாகக் கொள்ளலாகாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

சேர்த்துவிட்டவரின் நிலை

எம்மவர் பெரிதும் அறியாத ஓர் உண்மையையும் இங்கே கூற வேண்டும். ரெலெக்ஸ்பிறீ முறிந்த பின்னர் நீதிமன்ற வழியாக நியமிக்கப்பட்ட பொறுப்பாளர், கட்டியதைவிட அதிகம் பெற்ற உறுப்பினர்கள்மீது அந்த அதிகப்படியைத் திருப்பித் தருமாறு வழக்குத் தொடுத்தார். ஆள் சேர்த்த முகவர்கள் சிலர்மீது பிணையங்கள் ஆணைக்குழுவும் வழக்குத் தொடுத்தது. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டம், பிரமிட் திட்டத்தை நடத்துவதை மட்டுமன்றி அதை மேம்படுத்துவதையும் தடைசெய்கின்றது. அவ்வாறு தடைசெய்யப்பட்ட திட்டங்களென இலங்கை மத்திய வங்கி 2023இல் அறிவித்தவற்றுள் எம்ரிஎப்ஈ என்னும் கைத்தொலைபேசிச் செயலியும் ஒன்று. அவ்வாண்டு ஓகஸ்டில் அது முறிந்தது. ஊரிலுள்ள உறவினர் இத்தகைய திட்டத்தில் சேர்வதற்கு இங்கிருந்து பணம் அனுப்புவோர் இதை மனங்கொள்ள வேண்டும்.

சட்டத்துக்கும் அப்பால் ஒன்றுண்டு. இழந்த பணத்தை உழைத்து மீட்கலாம். ஆனால் அண்ணனை நம்பிக் கட்டிய தம்பிக்கும் அண்ணனுக்கும் இடையே அறுந்த உறவு எளிதில் ஒட்டுவதில்லை. அந்நிய மண்ணில் எமக்கிருக்கும் ஒரே காப்புறுதி எமது உறவுகளே. இவ்வணிகங்கள் பணமாக்குவது அவ்வுறவுகளைத்தான்.

கேட்க வேண்டியவை

இணையவழித் தொழில்வாய்ப்பு எதுவாயினும், அதைக் கூறுபவர் எவராயினும், நான்கு வினாக்களை எழுப்புமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

முதலாவது, புதிதாக ஒருவரும் சேராவிட்டால் எனக்குப் பணம் எங்கிருந்து வரும்? உறுப்பினரல்லாத ஒருவர் அப்பொருளைத் தமக்கு வேண்டும் என்று கருதி இதே விலைக்கு வாங்குவாரா? இதற்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால் ஏனைய வினாக்களுக்கே தேவையில்லை.

இரண்டாவது, வேலை செய்வதற்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? உழைப்புக்குக் கூலி கொடுப்பவர் உழைப்பவரிடம் முன்பணம் கேட்பதில்லை.

மூன்றாவது, முதலீடு திரட்டுவதற்கு எந்த அதிகாரசபை அனுமதி வழங்கியுள்ளது? அவர்கள் அனுப்பும் இணைப்பை அழுத்தாது, அதிகாரசபையின் பதிவேட்டை நாமே தேடிப் பார்க்க வேண்டும். நிறுவனம் வேறு நாடுகளில் தடைசெய்யப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். பிரேசிலின் தடையைப் பார்த்திருந்தால் மசாசுசெற்ஸில் எத்தனையோ குடும்பங்கள் தப்பியிருக்கும்.

நான்காவது, இவை யாவும் எழுத்தில் உண்டா? அமெரிக்காவில் 2012 முதல் நடைமுறையிலுள்ள தொழில்வாய்ப்பு விதிக்குள் அடங்கும் விற்பனையாளர், பணம் பெறுவதற்கு ஏழு நாட்களுக்கு முன்னரே தம்மைப் பற்றிய விவரங்களையும் தம்மீதுள்ள வழக்குகளையும் எழுத்தில் தர வேண்டும். தமிழில் பேசி விற்றால் அப்பத்திரமும் தமிழில் இருக்க வேண்டும். வேறு நாடுகளில் வாழ்வோரும் இந்த ஏழு நாள் அவகாசத்தைத் தாமே விதித்துக்கொள்ளலாம். 'இன்றே சேராவிட்டால் வாய்ப்புப் போய்விடும்' என்பவரிடம் சேராமல் விடுவதால் இழப்பு ஏதுமில்லை.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டோர், இழந்ததை மீட்கும் எண்ணத்தில் மேலும் கட்டாதிருக்க வேண்டும். கட்டியதற்கான பற்றுச்சீட்டுகளையும் செய்திகளையும் அழிக்காது வைத்து, உடனே வங்கிக்கும் காவற்றுறைக்கும் அறிவிக்க வேண்டும். 'இழந்த பணத்தை மீட்டுத் தருகின்றோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள்' என்று பின்னர் வருபவர் இரண்டாவது மோசடிக்காரர்.

எம்மிடம் இத்தகைய ஒரு வாய்ப்பைக் கொண்டுவரும் உறவினர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவரிடம் வினா எழுப்புவது அவரை அவமதிப்பதாகாது. அவரும் இன்னும் எவரிடமும் கேட்டிராத வினாவை அவருக்காகவும் சேர்த்து நாம் கேட்கின்றோம்.