செவிக்கதவைத் திறப்பதா, மூடுவதா?



"ஐயா, எந்த ஹெட்போன் நல்லது?" என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் வினவினாள். "எங்கே அமர்ந்து கேட்கப் போகிறாய்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். விலையைப் பற்றிப் பேசுவேன் என்று எண்ணியிருந்த அவள் வியப்புடன் நோக்கினாள். கேட்கும் இடத்தை அறியாமல் ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தல் கூடாது என்பதே என் கருத்து.

காதைச் சூழ்ந்து அமரும் ஹெட்போன்கள் இரு வகைப்படும். மூடிய வகையில், ஒலியை எழுப்பும் பகுதியின் பின்புறம் அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே ஒலிப்பது வெளியே அதிகம் கேளாது. வெளி ஓசையும் எளிதில் உள்ளே நுழையாது. திறந்த வகையில், பின்புறம் வலைபோன்று துளைகள் அமைந்திருக்கும். அவற்றின் வழியே காற்றும் ஒலியும் சென்று வரும். ஆதலால் இசை தலைக்குள் அடைபட்டதுபோல் தோன்றாமல் இயல்பாக ஒலிக்கும். 1968ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் வெளியிட்ட எச்.டி. 414 இவ்வகையின் முன்னோடியாகும்.

கோடை விடுமுறையில் தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்வதாகக் கொள்வோம். சக்கரங்களின் இரைச்சலுக்கு இடையே திறந்த வகையை அணிந்தால், பாடல் தெளிவாகக் கேளாது. உடனே ஒலியைக் கூட்டுவோம். அங்கேதான் தீங்கு தொடங்குகிறது. சிறுவர்கள் 75 டெசிபல் அளவிலான ஒலியை வாரத்திற்கு 40 மணிநேரத்திற்கு மேல் கேட்டல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. உட்செவியில் உள்ள நுண்ணிய மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எனவே, பயணத்தில் மூடிய வகையை அணிந்து, ஒலியைக் குறைத்துக் கேட்பதே அறிவுடைமை. நூலகத்திற்கும் அதுவே ஏற்றது. திறந்த வகையிலிருந்து கசியும் ஒலி அருகில் இருப்பவரின் படிப்பைக் கெடுக்கும்.

ஆனால், வீட்டில் திறந்த வகையே சிறந்தது என்பேன். இதற்கு நம் வாழ்க்கைச் சூழலே காரணம். நாம் வாழும் ஊரில் தெருவிலும் கடையிலும் தமிழ் ஒலிப்பதில்லை. சமையலறையில் அம்மா பேசுவதும், தொலைபேசியில் தாத்தா பாட்டி பேசுவதுமே நமக்குக் கிடைக்கும் தமிழ். அதை யாரும் பாடமாக நடத்துவதில்லை. காதில் விழுந்தே அது மனத்தில் பதிகிறது.

ஒருநாள் மாலை என் மகன் மூடிய ஹெட்போனை அணிந்து அமர்ந்திருந்தான். ஊரிலிருந்து அவனுடைய பாட்டி அழைத்தார். நான் மும்முறை கூப்பிட்டும் அவனுக்குக் கேட்கவில்லை. "பிள்ளை படிக்கிறான் போலும், இருக்கட்டும்" என்று கூறி அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அன்று அவன் பாட்டியின் குரலை இழந்தான். அக்குரலோடு வரும் தமிழையும் இழந்தான்.

"தம்பி அருகில் அமர்ந்து படிக்கும்போது திறந்த வகை அவனுக்கு இடையூறு ஆகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான வினாவே. அந்நேரத்தில் மூடிய வகையை அணியுங்கள். இரண்டையும் வாங்க வேண்டும் என்றும் நான் கூறவில்லை. ஒன்றே வாங்க இயலுமாயின், பல இடங்களுக்கும் பொருந்தும் மூடிய வகையை வாங்குங்கள். வீட்டில் இருக்கும்போது மட்டும் ஒரு காதை விடுவித்து வையுங்கள். சாலையில் நடக்கும்போதோ மிதிவண்டி ஓட்டும்போதோ எந்த வகையும் வேண்டா. அங்கே வண்டிகளின் ஒலியே நமக்குக் காவல்.

இரைச்சல் மிகுந்த இடத்தில் செவிக்கதவை மூடுவோம். நம்மை அன்புடன் அழைக்கும் குரல்கள் உள்ள இடத்தில் அதைத் திறந்தே வைப்போம்.

சிந்தித்து எழுதுக: உங்கள் வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்டு நீங்கள் கற்றுக்கொண்ட தமிழ்ச் சொற்கள் ஐந்தனை எழுதி, ஒவ்வொன்றையும் சொற்றொடரில் அமைக்க.