அரசு வழக்கறிஞர் யாருக்காக நிற்கிறார்?

இரண்டாம் உலகப் போரைக் காரணம் காட்டி, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை வீடுகளைவிட்டு வெளியேற்றி முகாம்களில் அடைத்தது அமெரிக்க அரசு. பெரும்பாலோர் அந்நாட்டுக் குடிமக்கள். 1944-ல் இந்த வெளியேற்றத்தை எதிர்த்த கொரமாட்சு வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, எல்லோரையும் அப்புறப்படுத்தத் தேவையில்லை, ஒவ்வொருவராக விசாரித்தால் போதும் என்ற கடற்படை உளவு அதிகாரியின் அறிக்கை அரசிடம் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது ஆதாரத்தை அமுக்குவதாகிவிடும் என்று அரசின் சட்ட அலுவலர்களே எச்சரித்தார்கள். ஆனாலும் உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் சார்லஸ் ஃபாஹி அதை நீதிபதிகளிடம் சொல்லவில்லை. அரசு வென்றது. அப்படி மறைத்தது தவறு என்று பொறுப்பு சொலிசிட்டர் ஜெனரல் நீல் கட்யால் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது 2011-ல்.

ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில் வந்த நாடுகளில், இரு தரப்பும் எடுத்து வைப்பதைக் கொண்டே நீதிபதி முடிவுக்கு வருகிறார். அரசின் கோப்போ அரசு வழக்கறிஞர் கையில் இருக்கிறது. அதனால் அவருக்குக் கடமை கூடுதல்: வழக்கு தோற்றாலும் உண்மையை மறைக்கக் கூடாது.

நம் நாட்டில் இந்தக் கடமை சின்ன வழக்குகளில்தான் அதிகம் தடுமாறுகிறது. ஓய்வூதியம் வராத ஆசிரியரும், நிலத்துக்கு இழப்பீடு கிடைக்காத விவசாயியும் ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைகிறார்கள். அரசு மீது வழக்குப் போடும் முன் இரண்டு மாத அறிவிப்புத் தர வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவு. நியாயமான கோரிக்கையை வழக்கில்லாமலே முடித்துவைக்க அரசுக்குத் தரப்பட்ட அவகாசம் அது. பல அறிவிப்புகளுக்குப் பதிலே வருவதில்லை, வந்தாலும் மழுப்பலாக இருக்கிறது என்று 2005-ல் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பதில் அனுப்பப் பொறுப்பான அதிகாரியை நியமிக்கவும் உத்தரவிட்டது. எல்லாவற்றையும் நீதிமன்றத்தின் தலையில் கட்டும் போக்கை 2010-ம் ஆண்டின் தேசிய வழக்காடல் கொள்கையும் கண்டித்தது.

போக்கு மாறாததற்குக் காரணம் பயம். மேல்முறையீடு வேண்டாம் என்று கோப்பில் எழுதினால் நாளை தணிக்கையில் கேள்வி வருமோ என்று அதிகாரி அஞ்சுகிறார். மேல்முறையீடு செய்து தோற்றவரையோ யாரும் கேட்பதில்லை. வழக்கறிஞருக்கும் பயம் உண்டு. கட்சிச் சார்பால் பதவிக்கு வந்தவர், இந்த வழக்கு நிற்காது என்று அமைச்சரிடம் எப்படிச் சொல்வார்? அரசு வழக்கறிஞர் நியமனம் வெளிப்படையாகவும் நியாயமாகவும் நடக்க வேண்டும் என்று 2016-ல் பஞ்சாப் அரசு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து ஏற்க வேண்டிய நெறி அது. இன்றைய எதிர்க்கட்சி நாளை ஆட்சிக்கு வரும்.

பொதுமக்களான நமக்கும் பங்கு உண்டு. கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆவணத்தை அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கொடுத்தால், விலைபோய்விட்டார் என்று ஊர் பேசுகிறது. அந்தப் பேச்சுக்குப் பயந்தே நேர்மையானவர்களும் ஒதுங்கிவிடுகிறார்கள்.

முதலில் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. மேல்முறையீடு தேவையில்லை என்று வழக்கறிஞர் எழுத்தில் கருத்துத் தந்தால், அதை ஏற்ற அதிகாரியை நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவுக்காகத் தணிக்கை துரத்தக் கூடாது. கருத்தை மீறி மேல்முறையீடு செய்பவர் காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு துறையும் எத்தனை மேல்முறையீடு செய்தது, எத்தனையில் தோற்றது என்ற கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். நியமனப் பட்டியலைத் தகுதி விவரங்களோடு வெளியிடும்படி வழக்கறிஞர் சங்கங்கள் கட்சி பாராமல் கேட்க வேண்டும்.