பொட்டியைத் தூக்கிப் போடாதீங்க மக்களே!

போன வாரம் வகுப்புத் தோழன் ஒருத்தன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தான். என்னடா மச்சின்னு கேட்டா, லேப்டாப் போச்சாம். கீழே விழுந்துதா? இல்ல. ஆன் ஆகலையா? ஆகுது. அப்புறம் என்னதான் கேடு? "விண்டோஸ் 10க்கு இனிமே அப்டேட் வராது தம்பி, 11 இதுல ஏறாது, புதுசு வாங்கிடுங்க" என்று கடைக்காரர் சொல்லிட்டாராம். அவங்க அப்பா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துப் பணம் தர்றேன்னு சொல்லியிருக்கார். அந்த எரிச்சல்லதான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடா இருந்தா பொறுத்துக்கோங்க.

நடந்தது இதுதான். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட நிறுத்திடுச்சு. வீட்டு உபயோகத்துக்கு இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் 13 வரைக்கும், தனியாப் பதிவு பண்ணி நீட்டிச்சுக்கலாம்னு அறிவிச்சாங்க. 2021ல வந்த விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்புச் சில்லு வேணும். அது போக செயலியும் அவங்க பட்டியல்ல இருக்கணும். இன்டெல்லுன்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறையில இருந்துதான். நம்மாளு பொட்டி ஏழாம் தலைமுறை ஐ3, ராம் 8 ஜிபி. பயாஸ் உள்ள போய்ப் பார்த்தோம், டிபிஎம் 2.0கூட இருக்கு! பட்டியல்ல பேர் இல்ல, அவ்வளவுதான். ரேஷன் கார்டுல பேர் இல்லாதவன் பசிக்காதவன்னு சொல்ற மாதிரி இருக்கு.

லினக்ஸ் மின்ட் 22ஐ அதுல போட்டா 2029 வரைக்கும் அப்டேட் வரும், காசும் கிடையாது. இதைச் சொன்னதுதான் தாமதம், சுத்தி உக்காந்திருந்த மொத்தக் கூட்டமும் கோரஸா ஒரு காரணம் சொல்லுச்சு பாருங்க: "டர்போ சி அதுல ஓடாதேடா, லேப் எக்ஸாம் என்ன பண்றது?"

டர்போ சி! தொண்ணூறுகளோட ஆரம்பத்துல, டாஸ் காலத்துல போர்லாண்டு கம்பெனி விட்ட சரக்கு. சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் வந்ததே 1998ல. அதுக்கும் முந்தின நீலத் திரையை வெச்சுக்கிட்டு நாம இன்னும் 'வாய்டு மெயின்' அடிச்சு, கடைசியில 'கெட்ச்' போட்டு மார்க் வாங்கிட்டு இருக்கோம். அந்த வயித்தெரிச்சல் இருக்கட்டும். மக்களே, 64 பிட் விண்டோஸ்லயும் டர்போ சி நேரடியா ஓடாது. உங்க பொட்டியில அது ஓடுதுன்னா, அடியில டாஸ்பாக்ஸ்னு ஒண்ணு டாஸ் மாதிரி வேஷம் போட்டு அதை ஓட்டிக்கிட்டு இருக்கு. அதே டாஸ்பாக்ஸ் லினக்ஸ்லயும் இருக்கு, மின்ட்டோட மென்பொருள் கடையில தேடினாலே கிடைக்கும். அதாவது, இல்லாத ஒரு காரணத்துக்காக ஒரு அப்பா சீட்டுப் பணத்தைக் கழிவு கொடுத்து எடுக்கணும்!

உருப்படியா சி படிக்கணும்னா ஜிசிசி இருக்கு. இப்போதைய தரத்தை மதிக்கிற கம்பைலர், லினக்ஸ்ல ரெண்டு நிமிஷத்துல ஏறிடும். நாளைக்கு வேலைக்குப் போனா சர்வர்னு நம்ம முன்னாடி நிக்கப் போறதும் பெரும்பாலும் லினக்ஸ்தான். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல இதை ஆரம்பிச்சப்ப அவருக்கு 21 வயசு, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். நமக்கும் ஏறக்குறைய அதே வயசுதான், நாம இன்ஸ்டால் பண்ணவே பயப்படுறோம் :)

தமிழ்நாட்டு அரசு 2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல, விண்டோஸ்கூட பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தாங்க. சி-டாக் பண்ணினது. எங்க தெரு அண்ணன்கள் எல்லாம் அந்தப் பகுதியை அழிச்சுட்டுப் படம் ஏத்தி வெச்சிருந்தாங்க. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல, சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல. பக்கத்துல கேரளாவுல பள்ளிக்கூடப் பசங்க உபுண்டுவை அடிப்படையா வெச்சுப் பண்ணின கைட் இயங்குதளத்துல பாடம் படிக்கிறாங்க. அவங்க விரலும் நம்ம விரல் மாதிரிதான்.

இன்னொரு கோஷ்டி மேலயும் எனக்குக் கோபம் உண்டு. அது நம்ம பென்குயின் பக்தர்கள். "வைஃபை வரலை அண்ணா"ன்னு ஒருத்தன் வந்து நின்னா, "முதல்ல டெர்மினல் கத்துக்கோ"ன்னு விரட்டுறது. சில வைஃபை சில்லுகளுக்கு டிரைவர் தனியாப் போடணும்தான். அதுக்குப் பக்கத்துல உக்காந்து பத்து நிமிஷம் உதவி பண்ணினாப் போதும். புதுசா வந்தவனைக் கறுப்புத் திரையைக் காட்டி மிரட்டி, திரும்ப விண்டோஸுக்கே ஓட விட்டதுல இவங்க பங்கு கம்மியில்ல. முதல் மாசம் நானும் அப்படித்தான் ரெண்டு தடவை ஓடினேன்.

ஒளிக்காம சொல்லிடறேன். ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் லினக்ஸுக்கு வர்றதில்ல. வேலொரன்ட் ஆடுறவங்களுக்கும் வழியில்ல. இது இல்லாம முடியாதுங்கிறவங்க இந்தப் பக்கம் வரவேண்டாம், சிவில் பசங்களை நான் வற்புறுத்த மாட்டேன். ஆனா நம்ம வகுப்புல முக்கால்வாசிப் பேர் பண்றது பிரவுசர், பிடிஎஃப், படம், அந்தப் பாழாப்போன டர்போ சி. தமிழ்ல தட்டணும்னா ஐபஸ் மூலமா தமிழ்99 இருக்கு, ஃபொனெட்டிக்கும் இருக்கு.

இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே பென்டிரைவ்ல இருந்து ஓட்டிப் பார்க்கலாம், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே. நம்மாளு பொட்டியில அப்படித்தான் போட்டுக் காட்டினேன். வைஃபை வந்துச்சு, சத்தம் வந்துச்சு, டச்பேட்ல மட்டும் ரெண்டு விரல் ஸ்க்ரோல் தலைகீழா இருந்துச்சு, செட்டிங்ல மாத்தினோம். அரை மணி நேரம் நோண்டிப் பார்த்துட்டு வெளியே போய் வீட்டுக்குப் போன் பண்ணினான்: "அப்பா, சீட்டு இப்போ எடுக்க வேணாம்ப்பா."

டிஸ்கி: ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல்லதான் இருப்பேன். 8 ஜிபி பென்டிரைவ் கொண்டு வாங்க. அதுல இருக்கிற படத்தை எல்லாம் முதல்லயே வேற எங்கயாவது காப்பி பண்ணிக்கோங்க, அழிஞ்சா நான் பொறுப்பில்ல.