மோட்டார் மேல் பழி போடாதீர்கள்

மோட்டார் ஓடுகிறது, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. உடனே "காயில் போச்சு" என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். என்னைக் கேட்டால் அது அவசரம். முதலில் சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சந்தேகம் ஃபுட் வால்வு மேல்தான். அதில் மண் சிக்கினால் குழாயில் நிற்கும் தண்ணீர் இறங்கி, காற்று புகுந்துவிடும். மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் ஊற்றிப் பிரைம் செய்யுங்கள், ஏறும். மறுநாளும் அதே கதை என்றால் வால்வைக் கழற்றிக் கழுவுங்கள், இல்லையேல் மாற்றுங்கள்.

சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகினால் கபாசிட்டர் போயிருக்கலாம். அதில் மட்டும் கை வைக்காதீர்கள், அது எலக்ட்ரீஷியன் வேலை.

எங்கள் வீட்டில் காயில் எரிந்தது ஒரே முறை. காலி சம்ப்பில் ஓடவிட்டு மறந்தோம். சீல் கருகி, பிறகு தண்ணீர் உள்ளே கசிந்துவிட்டது. தப்பு மோட்டாருடையதா, நம்முடையதா?